நாப்பத்தோரு கிலோ சாப்ட்வேர்

தெளிவூர்ல யாரும் யாரையும் முட்டாள்னு திட்டுறதில்ல. திட்டினா தெருவே "என்னயா கூப்பிட்ட"ன்னு திரும்பிப் பாக்கும். அப்புறம் ஒவ்வொருத்தருக்கா பதில் சொல்லி மாளாது.

அந்த ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி, மாவு மில்லுக்கு மேல்மாடியில ஒரு கம்பெனி. 'பூவராகன் உலகத் தொலைத்தொடர்பு'ன்னு போர்டு. முதலாளி பூவராகன் இருபது வருசம் கேபிள் டிவி நடத்தினவரு. மழை பெஞ்சா படம் ஏன் ஆடுதுன்னு கேட்டவங்களை "மழையில நனைஞ்சா நீங்க ஆட மாட்டீங்களா"ன்னு திருப்பிக் கேட்டே தொழில வளத்தவரு.

அவர்கிட்ட வேலைக்கு ரெண்டு பேரு. பெட்டி, வயரு, திருப்புளி எல்லாம் கொண்டல்சாமி பொறுப்பு. பேப்பரு, பைலு, ரப்பர் ஸ்டாம்பு எல்லாம் ஏகாம்பரம் பொறுப்பு. ஏகாம்பரம் எதையும் ரெண்டு தடவை படிப்பாரு. புரியலன்னா மூணாவது தடவை சத்தமாப் படிப்பாரு.

இவங்ககிட்ட வந்து மாட்டினவ தில்லைநாயகி. இன்ஜினியரிங் கடைசி வருசம். வாய் நீளம். காலேஜ்ல எந்த வாத்தியார்கிட்டயும் வாதத்துல தோத்ததில்ல, அதனால இன்டர்னல் மார்க்குல ஜெயிச்சதுமில்ல.

நாயகி ஒரு சாப்ட்வேர் எழுதியிருந்தா. போன் டவருக்குக் கீழ ஒரு ரூம் நிறைய பீரோ பீரோவா மெஷின் நிக்கும்ல, அத்தனை வேலையையும் இது செஞ்சுரும். டிபன் கேரியர் சைஸ்ல ஒரு சாதாரணப் பெட்டி, அதுக்குள்ள இந்த சாப்ட்வேர், அவ்வளவுதான். மார்க்குக்காக எழுதல. அவ அப்பா மாசிலாமணிக்காக எழுதினா.

மாசிலாமணி டொரோம்பாங்கிற தீவுல மீன் பாக்டரி கேன்டீனுக்கு சமையல்காரரு. அந்தத் தீவுல சிக்னல்ங்கிறது விருந்தாளி மாதிரி, எப்பவாவது வரும், உக்காராமப் போயிரும். ஞாயித்துக்கிழமையானா அவரு ஒரு குன்று மேல ஏறி, உச்சிப் பாறையில ஒத்தக் கால்ல நின்னு போன் போடுவாரு. ரெண்டாவது காலை ஊனினா லைன் போயிரும். மூணு வருசமா நாயகி அப்பா பேசி ஒரு முழு வாக்கியம் கேட்டதில்ல. "தாயி, நேத்து எனக்கு நெஞ்சுல..." அதோட கட். ஒரு வாரம் அவளுக்கும் அம்மாவுக்கும் சோறு இறங்காது. அடுத்த ஞாயிறு "...அதனால சட்டையே பாழாப் போச்சு"ன்னு ஆரம்பிப்பாரு. குழம்பு கொட்டினதைத்தான் சொல்லியிருக்காருன்னு அப்பத்தான் தெரியும்.

இந்த நேரத்துல டொரோம்பா அரசாங்கம் தீவு முழுக்கப் புது டவர் போடப்போறதா சொல்லுச்சு. எந்த நாட்டுக்காரன் சாதனம் வேணா வைக்கலாம். ஆனா அந்த நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையத்தோட அனுமதி இருக்கணும், பங்குனி முடியிறதுக்குள்ள வாங்கணும். விட்டா அஞ்சு வருசம் கழிச்சுத்தான். படிக்கிற பொண்ணு பேர்ல விண்ணப்பம் போட முடியாது, கம்பெனி பேர்லதான் போடணும். தெளிவூர்ல இருந்தது ஒரே கம்பெனி. அப்படித்தான் நாயகி அந்த மாடிப்படி ஏறினா.

விண்ணப்பம் எழுபத்திரண்டு பக்கம். பீரோ சைஸ் மெஷின் இருந்த காலத்துல எவனோ எழுதினது. அதுக்கப்புறம் மெஷின் மாறிருச்சு, எழுதினவன் ரிட்டயர் ஆயிட்டான், படிவம் மட்டும் அப்படியே குத்துக்கல்லாட்டம் நிக்குது.

முதல் பக்கத்துலயே 'எடை'ன்னு ஒரு கட்டம். நாயகி 'பூஜ்யம்'னு எழுதப் போனா. ஏகாம்பரம் பேனாவைப் புடுங்கிட்டாரு.

"பூஜ்யம்னா சரக்கே இல்லன்னு அர்த்தம். இல்லாத சரக்குக்கு எவன் அனுமதி குடுப்பான்?"

"அப்போ பெட்டி எடைய எழுதுங்க சார்."

"என்ன கேட்டிருக்கான்? 'அனுமதி கோரும் சாதனத்தின் எடை'. நாம எதுக்கு அனுமதி கோருறோம்?"

"சாப்ட்வேருக்கு."

"அப்ப அதைத்தானம்மா நிறுக்கணும்."

கீழ மாவு மில் தராசுக்குப் பெட்டியக் கொண்டு போனாங்க. சாப்ட்வேர் இல்லாம நிறுத்தாங்க, மூணு கிலோ இருநூறு. சாப்ட்வேரை ஏத்தி நிறுத்தாங்க, அதே மூணு கிலோ இருநூறு. கொண்டல்சாமி தராசையும் நாயகியையும் மாத்தி மாத்திப் பாத்தாரு.

"எத்தனை மாசம் எழுதின பாப்பா?"

"பதினாலு மாசம்."

"ஒரு கிராம்கூட ஏறலையே. நான் இந்த மில்லு வாசல்ல அரை நாள் நின்னா என் சட்டையே அம்பது கிராம் கூடிரும்."

"அது மாவுண்ணே. இது சாப்ட்வேர். இதுக்கு எடை கிடையாது."

"உழைப்புக்கு எடை இல்லங்கிற."

"நான் அப்படிச் சொல்லல."

"நீ சொல்லல. தராசு சொல்லுது."

பூவராகன் கண்ணை மூடி யோசிச்சாரு. யோசிக்கிறப்ப அவருக்கு லேசாக் குறட்டை வரும். முழிச்சதும் சொன்னாரு, "எழுதினதை அப்படியே பிரிண்டு எடுங்க. அதை நிறுப்போம்."

ஊர்ல இருந்த ரெண்டு ஜெராக்ஸ் கடையிலயும் காகிதம் தீந்துபோற அளவுக்கு எடுத்தாங்க. சணல் போட்டுக் கட்டித் தராசுல வெச்சா நாப்பத்தோரு கிலோ. ஏகாம்பரம் கட்டத்துல '41'ன்னு எழுதி, பக்கத்துல ஸ்டாம்பு குத்தினாரு. இப்பத்தான் ஒரு பொருள் மாதிரி இருக்குன்னு எல்லாருக்கும் திருப்தி.

ஆனா ஒன்பதாம் பக்கத்துல ஒரு விதி இருந்துச்சு. இருபத்தஞ்சு கிலோவுக்கு மேல இருக்கிற சாதனத்தை ரெண்டு பேருக்குக் குறையாமத் தூக்கணும். அன்னையிலேர்ந்து சாப்ட்வேர் இருக்கிற பென் டிரைவை ரெண்டு பேருதான் தூக்கினாங்க. ஒரு முனையைக் கொண்டல்சாமி நகத்தால புடிப்பாரு, மறுமுனையை ஏகாம்பரம். மாடிப்படியில இறங்குறப்ப "இடது பக்கம் வாங்க, இன்னும் கொஞ்சம், செவுத்துல இடிக்கப் போகுது"ன்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்குவாங்க. டீக்கடையில நிக்கிறவங்க பெஞ்சை நகத்தி வழி விடுவாங்க. ஒரு தடவை நாயகி அவசரத்துக்கு ஒரே கையால எடுத்துட்டா. ஏகாம்பரம் அவளைப் பாத்த பார்வையில, வயசுப் பொண்ணு நாப்பத்தோரு கிலோவை இப்படித் தூக்கினா பின்னாடி இடுப்பு என்னாகும்ங்கிற உண்மையான கவலை இருந்துச்சு. அதனாலதான் அவளால திட்டவும் முடியல.

அடுத்தது விழும் சோதனை. சாதனத்தை ஒரு மீட்டர் உயரத்துலேர்ந்து சிமெண்டுத் தரையில மூணு தடவை போட்டு, பிறகும் இயங்குதான்னு எழுதணும்.

"பெட்டியப் போடுங்க சார், போதும்"னு நாயகி சொன்னா.

"பெட்டியோட எடை நாப்பத்தோரு கிலோவா?" ஏகாம்பரம் கேட்டாரு.

"இல்ல."

"அப்ப பெட்டியப் போட்டா நம்ம படிவத்தை நாமளே பொய்யாக்கின மாதிரி ஆயிராது?"

காகிதக் கட்டை மில் வாசல் திண்டு மேலேர்ந்து போட்டாங்க. ரெண்டு தடவை ஒண்ணும் ஆகல. மூணாவது தடவை சணல் அறுந்து சாப்ட்வேர் தெரு முழுக்கப் பறந்துச்சு. பொறுக்கி எண்ணிப் பாத்தா இருநூத்திப் பன்னெண்டு பக்கத்தைக் காணோம். மில்காரரோட கிடா வாயில கடைசிப் பக்கத்தோட ஓரம் நீட்டிக்கிட்டு இருந்துச்சு.

எல்லாரும் மேல ஓடி கம்ப்யூட்டரைப் போட்டுப் பாத்தாங்க. சாப்ட்வேர் ஜம்முனு ஓடுச்சு. பூவராகனுக்குக் கண்ணு கலங்கிருச்சு.

"இருநூத்திப் பன்னெண்டு பக்கம் போயும் ஓடுது பாருங்கய்யா. இந்தப் பொண்ணு என்ன தரமா எழுதியிருக்கு."

"சார், ஆடு தின்னது காகிதம். சாப்ட்வேர் கம்ப்யூட்டருக்குள்ள இருக்கு."

"அந்தக் காகிதத்துல என்ன எழுதியிருந்துச்சு?" இது ஏகாம்பரம்.

நாயகி பல்லைக் கடிச்சா. "சாப்ட்வேர்."

"ஆடு எதைத் தின்னுச்சு?"

"காகிதத்தை."

"எது எழுதின காகிதத்தை?"

"...சாப்ட்வேர் எழுதின காகிதத்தை."

"அதைத்தானம்மா நானும் சொல்றேன். நீ எதுக்கு கோவப்படுற?"

'ஆடு தின்ற பின்னும் இயங்குகிறது'ன்னு எழுதி ஸ்டாம்பு குத்தினாரு. குத்தினவரு இருபதாம் பக்கத்தைத் திருப்பினதும் முகம் வெளிறிப்போச்சு. அனுமதி கிடைக்கிற வரைக்கும் சாதனத்தோட நகல் எதுவும் வெளியில நடமாடக் கூடாதுன்னு போட்டிருந்துச்சு. அன்னைக்குச் சாயங்காலமே கிடாயை மாடிக்கு ஏத்தி பைல் பீரோ காலுல கட்டிப்போட்டாங்க. மில்காரரு வந்து கேட்டதுக்கு, சர்வதேச விவகாரம்னு சொல்லி அனுப்பிட்டாங்க.

நாப்பதாம் பக்கம், உள்ளூர் பிரதிநிதி. டொரோம்பாவுலயே குடியிருக்கிற, எப்ப வேணா தொடர்பு கொள்ளக்கூடிய ஒரு ஆள் கம்பெனிக்கு வேணும். அங்க இவங்களுக்குத் தெரிஞ்ச ஒரே ஆள் மாசிலாமணிதான். ஞாயித்துக்கிழமை நாயகி ஒரே மூச்சுல விசயத்தைச் சொன்னா. "சரி தாயி, கையெழுத்துப் போடுறேன், ஆனா ஒண்ணு..." அதோட கட். அந்த 'ஆனா ஒண்ணு' என்னன்னு அவளுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. தொடர்பு நேரம்ங்கிற கட்டத்துல ஏகாம்பரம் நேர்மையா எழுதினாரு: 'ஞாயிறு காலை, ஒற்றைக் காலில்.'

எல்லாம் முடிஞ்சு கடைசியா போட்டோ. சாதனத்தை ஆறு பக்கமும் படம் புடிச்சு அன்னைக்கே அனுப்பணும். அன்னைக்குக் காலையிலதான் கொண்டல்சாமி பெட்டிக்குப் பூசை போட்டிருந்தாரு. சந்தனம், குங்குமம், நூல்ல கோத்து ஒரு எலுமிச்சம்பழம், மேல ரெண்டு பச்சை மிளகா.

"அதை அவுத்துட்டு எடுங்கண்ணே"ன்னா நாயகி.

"கடல் தாண்டிப் போற சாமான் பாப்பா. எத்தனை கண்ணு படும். கட்டின பழத்தை அன்னைக்கே அவுத்தா கட்டாததை விட மோசம்."

மிளகாயை மட்டும் கிடா தின்னுருச்சு. பழத்தோட போட்டோ போச்சு.

இருபது நாள்ல ஆணையத்துலேர்ந்து கடுதாசி. ஏகாம்பரம் நின்னுக்கிட்டே தமிழாக்கிப் படிச்சாரு. 'தங்கள் மூன்றாம் படத்தில் மஞ்சள் நிறத்தில் உருண்டையான ஓர் உறுப்பு தெரிகிறது. விண்ணப்பத்தில் இதைப் பற்றிக் குறிப்பு இல்லை. இதன் பணி என்ன?'

நாயகி தலையில கைய வெச்சுட்டா. "அது அலங்காரத்துக்கு, எடுத்தாச்சுன்னு எழுதுங்க சார்."

"எடுத்தாச்சுன்னா படத்துல இருக்கிறது ஒண்ணு, அனுப்புறது ஒண்ணுன்னு ஆயிரும். பக்கம் முப்பத்திநாலு. ரெண்டும் ஒண்ணா இருக்கணும்."

"அப்ப என்னதான் எழுதப்போறீங்க?"

"உள்ளதை."

உள்ளதை எழுதினாரு. 'வெளியார் கண் படாமல் சாதனத்தைக் காக்கும்.'

பதில் ஒரே வாரத்துல வந்துச்சு. 'வெளியார் பார்வையிலிருந்து காக்கும் வசதி இருப்பதை அறிந்து மகிழ்ச்சி. விண்ணப்பித்த மற்ற ஏழு நிறுவனங்களிடம் இது இல்லை. எவ்வளவு காலம் வேலை செய்யும்?'

"ஒரு வாரம். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை மாத்தணும்"னு கொண்டல்சாமி சொன்னாரு. அப்படியே போச்சு.

'வாரம்தோறும் புதுப்பிக்கப்படும் பாதுகாப்பு. மிகச் சிறப்பு. பழையதை எவ்வாறு அப்புறப்படுத்துவீர்கள்?'

"முச்சந்தியில போட்டு வண்டி ஏத்தி நசுக்கிருவோம்."

'மீட்க முடியாத வகையில் அழிக்கப்படுவதைக் குறித்துக்கொண்டோம். பரிசோதனைக்கு மூன்று மாதிரிகள் அனுப்பவும்.' கொண்டல்சாமி சந்தைக்குப் போயி, தோல் மெலிசா, சாறு உள்ளதா பாத்து மூணு எடுத்து அனுப்பினாரு. கறிவேப்பிலை கொசுறு கேட்டு வாங்கி அதையும் பார்சல்ல போட்டாரு.

இப்படிப் பதிமூணு கடுதாசி. அத்தனையும் பழத்தைப் பத்தி. பதினாலு மாசம் தூக்கம் கெட்டு எழுதின சாப்ட்வேரைப் பத்தி ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்வி வரல. பங்குனி பதினெட்டு ஆயிருச்சு. அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமைதான் மாசிலாமணி கூப்பிட்டு, "தாயி, டாக்டரு வந்து பாத்தாரு, பாத்துட்டு என்ன சொன்னாருன்னா..." அதோட கட். அம்மா அன்னையிலேர்ந்து விளக்கு முன்னாடியே உக்காந்திருந்தா.

பதினாலாவது கடுதாசி வந்துச்சு. 'மஞ்சள் உறுப்பு பெட்டியின் பாகமா, அல்லது பெட்டி மஞ்சள் உறுப்பின் பாகமா? தெளிவுபடுத்தவும்.'

நாயகி எந்திரிச்சா. ஏகாம்பரம் கையில இருந்த கீபோர்டை இழுத்துத் தன் பக்கம் வெச்சுக்கிட்டா. அவ தட்டின வேகத்துல கிடா பயந்து பீரோவை ரெண்டு அடி இழுத்துருச்சு.

'ஐயா, எங்க சாதனமே எலுமிச்சம்பழம்தான். இத்தனை நாள் அறிவில்லாம சாப்ட்வேர்னு சொல்லிட்டோம். பெட்டி அந்தப் பழத்தைக் கட்டித் தொங்கவிட ஒரு ஆணி மாதிரி. உள்ள சாப்ட்வேர் இருக்கிறது பெட்டி வெறுமனே இருந்தா பழத்துக்குப் போரடிக்குமேன்னு. இப்பத் தெளிவாயிருச்சா?'

அனுப்பிட்டு நாற்காலியில விழுந்தா. நக்கல்னு ஒண்ணு இருக்கு, அது மனுசனுக்கு மனுசன் செல்லும், படிவத்துல செல்லாதுங்கிறது அப்ப அவ புத்திக்கு எட்டல. மூணு பேரும் ஸ்கிரீனுக்கு முன்னாடி தலைய நீட்டிப் படிச்சாங்க. ஒருத்தர் முகத்துலயும் சிரிப்பில்ல.

"இதை ஆரம்பத்துலயே இப்படி எழுதியிருக்கலாம்"னாரு ஏகாம்பரம்.

"போரடிக்கும்ங்கிற எடத்துல அறிவியல் இருக்கு"ன்னாரு பூவராகன்.

பங்குனி இருபத்தேழு. அனுமதிச் சான்றிதழ் வந்துருச்சு. ஆணையத்தோட தங்கக் கலர் முத்திரை. ஏகாம்பரம் சத்தமாப் படிச்சாரு, ஏன்னா அது மூணாவது தடவை.

'சாதனம்: எலுமிச்சம்பழம். எடை: நாற்பத்தொரு கிலோ. கதிர்வீச்சு: இல்லை. மின்கசிவு: இல்லை. தீப்பற்றும் அபாயம்: இல்லை. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து மூன்று முறை போட்டதில் சேதம் இல்லை. இந்த ஆணையத்தின் வரலாற்றில் எல்லாச் சோதனைகளிலும் ஒரே தடவையில் தேறிய முதல் தொலைத்தொடர்புச் சாதனம் இதுவே.'

பூவராகன் எல்லாருக்கும் எலுமிச்சை ஜூஸ் போடச் சொன்னாரு. ஏகாம்பரம் குறுக்க விழுந்து தடுத்தாரு. அனுமதி பெற்ற சாதனத்தைப் பிரிக்கக் கூடாது. கடைசியில காபி வந்துச்சு. கிடாயை அவுத்து விட்டாங்க. நாலு மாசம் ஆபீஸ்ல இருந்து பழகினதோ என்னவோ, அது கீழ போகாம பீரோ பக்கத்துலயே படுத்துக்குச்சு.

நாயகி மாடிப்படியில போயி உக்காந்தா. அப்பாவுக்குச் சிக்னல் வாங்கித் தர்றேன்னு கிளம்பினவ, பழத்துக்குப் பட்டம் வாங்கிக் குடுத்துட்டா. அதுவும் அந்த மூணு பேரு செஞ்சதில்ல. தன் சொந்தக் கையால, சொந்த வாயால. தெளிவூர்ல பொறந்தவ, அந்தப் புத்தி எங்க போகும்.

அழுதுக்கிட்டே சான்றிதழை இன்னொரு தடவை பாத்தா. அடியில பொடி எழுத்துல ஒரு வரி. 'துணைப்பொருள்: தொங்கவிடும் பெட்டி ஒன்று, உள்ளடக்கத்துடன். துணைப்பொருளுக்குத் தனி அனுமதி தேவையில்லை.'

அதைப் படிச்சதும் நாயகி வாயை இறுக்க மூடிக்கிட்டா. அவ வாழ்க்கையில அதுதான் முதல் தடவை. மூக்கைத் தொடச்சுக்கிட்டு உள்ள வந்து, "பழத்தைக் கட்டின பெட்டிங்களை எப்பண்ணே அனுப்புறோம்?"னு மட்டும் கேட்டா.

சித்திரை கடைசியில ஒரு புதன்கிழமை மத்தியானம் அவ போன் அடிச்சுது. ஞாயிறுகூட இல்ல, புதன்.

"தாயி, சாப்பிட்டியா?"

பின்னாடி கடுகு வெடிக்கிற சத்தம்கூடக் கேட்டுச்சு. நாயகி போனைக் காதோட அமுக்கிப் புடிச்சுக்கிட்டா.

"ஏ தாயி, லைன்ல இருக்கியா? நான் ரெண்டு கால்லயும் நின்னுதான் பேசுறேன். அடுப்படியிலேர்ந்து. டவரு வந்துருச்சு. ரெண்டு பேரு சேந்து ஒரு எலுமிச்சம்பழத்தைத் தூக்கிக்கிட்டு ஏணியில ஏறினாங்க பாரு, அந்தப் பாட்டை ஏன் கேக்குற. நாப்பத்தோரு கிலோவாம்ல."

"அப்பா, டாக்டரு என்ன சொன்னாரு?"

"எந்த டாக்டரு? ஓ, அதுவா. உப்பைக் குறைக்கணும்னாரு."

"உங்களுக்கா?"

"எனக்கெதுக்கு? என் சாம்பாருக்கு."

அதுக்கப்புறம் ஒரு நாளைக்கு மூணு தடவை பேசினாங்க. ஒரு மாசத்துல பேச்சு தீந்துபோச்சு. அப்புறம் சண்டை போட்டுக்கிட்டாங்க. அப்பாவுக்கே மறந்துபோன அந்த 'ஆனா ஒண்ணு' தவிர, மூணு வருசம் பாதிப் பாதியாக் கேட்ட வாக்கியத்தையெல்லாம் ஒவ்வொண்ணா முழுசாக்கி, அதுல யாரு சொன்னது சரின்னு வாதம். நாயகி சந்தோசமா இருந்தா.

ஆடி மாசம் ஒரு நாள் கம்பெனியில இருக்கிறப்ப அப்பா கூப்பிட்டாரு. குரல் வேற மாதிரி இருந்துச்சு.

"தாயி, ஆணையத்துலேர்ந்து அதிகாரி ஒருத்தரு வந்து காலையிலேர்ந்து டவருக்கு அடியில நிக்கிறாரு. உள்ளூர் பிரதிநிதின்னு என்னையும் நிக்க வெச்சிருக்காரு. வெள்ளிக்கிழமை மாத்துறப்ப பழைய பழத்தோட வெதை ஒண்ணு பெட்டி மேல விழுந்திருக்கு. மழை பெஞ்சிருக்கு. இப்ப சாதனத்துல ரெண்டு இலை விட்டிருக்குங்கிறாரு."

நாயகி போனை ஸ்பீக்கர்ல போட்டா. மூணு பேரும் சுத்தி நின்னாங்க.

"அனுமதி குடுக்கிறப்ப இலை இல்லையாம். இப்ப இருக்காம். சாதனம் மாறினா முதல்லேர்ந்து விண்ணப்பிக்கணுமாம். அதுவரைக்கும் டவரை அணைக்கணும்னு சுவிட்சு மேல கைய வெச்சுக்கிட்டு நிக்கிறாரு."

"இலையக் கிள்ளிறச் சொல்லுங்க"ன்னாரு பூவராகன்.

"அனுமதி பெற்ற சாதனத்துல கை வைக்கக் கூடாது, பக்கம் அம்பத்தொண்ணு"ன்னாரு ஏகாம்பரம்.

"தண்ணி ஊத்தாம விட்டா தானா வாடிரும்ல"ன்னாரு கொண்டல்சாமி.

"பராமரிக்காம விட்டா உரிமம் ரத்து, பக்கம் அறுபது."

அந்தப் பக்கம் மாசிலாமணி மெதுவா, "தாயி, கை சுவிட்சை அழுத்துது"ன்னாரு.

நாயகி கத்தல. முதல்லேர்ந்து விளக்கணும்னு நினைக்கல. சாப்ட்வேர்ங்கிற வார்த்தையையே எடுக்கல. ஏகாம்பரம் மாதிரி பைலைத் திறந்து, ஏகாம்பரம் மாதிரியே நிதானமாப் பேசினா.

"அப்பா, அவர்கிட்ட அப்படியே சொல்லுங்க. மூணாவது கடுதாசியில, இது வாராவாரம் தன்னைப் புதுப்பிச்சுக்கிற சாதனம்னு அவங்களே எழுதி, மிகச் சிறப்புன்னு கையெழுத்துப் போட்டிருக்காங்க. இலை மாற்றமில்ல. அப்டேட். முன்னெல்லாம் நாங்க மாத்தணும். இப்பத் தானாவே வருது."

மாசிலாமணி அந்த ஊர் பாஷையில ஏதோ சொன்னாரு. தீவுல காத்தடிக்கிறது தெளிவூர்ல கேட்டுச்சு.

"தாயி, கைய எடுத்துட்டாரு. நோட்டை எடுத்து எழுதுறாரு. அப்டேட்டுன்னா அணைக்க வேண்டாமாம், ஆனா தகவல் குடுக்கணுமாம். ஒரு இலைக்கு ஒரு கடுதாசி. தினம் காலையில நான் ஏறி இலைய எண்ணணும். இரு, இன்னொண்ணு கேக்குறாரு. அடுத்த பெரிய அப்டேட் எப்ப வரும்?"

கொண்டல்சாமி போன்கிட்ட வாய வெச்சு, "நல்லா எரு வெச்சா மூணு வருசத்துல காய்ச்சிரும்னு சொல்லுங்க. எரு நாங்க இங்கேர்ந்தே அனுப்புறோம். சாப்ட்வேர் தின்ன ஆடு எங்ககிட்ட இருக்கு"ன்னாரு.

அதையும் அதிகாரி எழுதிக்கிட்டாராம்.

மறுவாரமே டொரோம்பா ஆணையத்துலேர்ந்து மத்த ஏழு கம்பெனிக்கும் கடுதாசி போச்சு. 'தங்கள் சாதனத்தில் இதுவரை இலை ஏன் விடவில்லை? ஏழு நாளுக்குள் விளக்கம் தரவும்.'

ஏழும் உலகத்துலயே பெரிய பெரிய கம்பெனிங்க. அஞ்சு கம்பெனி அவகாசம் கேட்டிருக்கு. மீதி ரெண்டு கம்பெனி உடனே பதில் போட்டுருச்சு, முளை விட்டாச்சு, அடுத்த மாசம் கொடியே ஏறும்னு.